எண்மர் தொடங்கிய லீக்

களத்தில் ஒன்றை ஒன்று வீழ்த்துவதற்கென்றே பயிற்சி பெற்ற அணிகள், களத்துக்கு வெளியே ஒன்றின் பிழைப்பை மற்றொன்று காக்கும் கூட்டாளிகளாகவும் இருந்தே தீர வேண்டும் என்பது தொழில்முறை விளையாட்டின் விசித்திரமான நியதி. எதிரணி இல்லாமல் ஆட்டமில்லை. எதிரணி மிகவும் நலிந்து போனாலோ ஆட்டத்தைப் பார்க்க ஆள் வருவதில்லை. ஆகையால் ஏற்கெனவே வேரூன்றிச் செழித்திருக்கும் ஒரு லீகுக்குப் போட்டியாக இன்னொரு லீகைத் தொடங்க விரும்புகிறவன் தனக்கென ஓர் அணியை அமைத்துக்கொண்டால் போதாது. தன் அணியோடு மோதத் தக்க ஏழெட்டு அணிகளையும், அவற்றை நஷ்டத்திலும் கைவிடாமல் நடத்தும் ஏழெட்டு மனிதர்களையும், ஆடுவதற்கு மைதானங்களையும், பார்ப்பதற்கு ஜனங்களையும் ஒரே காலத்தில் உண்டாக்கியாக வேண்டும். அந்தத் துர்லபமான காரியம் அமெரிக்காவில் 1959 ஆம் ஆண்டில் தொடங்கி 1970 ஆம் ஆண்டில் நிறைவெய்திய வரலாறு, அந்நாட்டு ஃபுட்பாலைக் கண்ணால் கண்டிராதவர்களும் அறிந்துகொள்ளத் தக்கது என்பது என் திடமான அபிப்பிராயம்.

அமெரிக்கர்களின் ஃபுட்பால், நம் ஊர்த் திடல்களில் உதைத்து ஆடப்படும் கால்பந்து அன்று. நூறு கஜ நீளமுள்ள களத்தில், தலைக்கவசமும் தோட்கவசமும் பூண்ட பதினொருவர் பதினொருவராக எதிரெதிரே நின்று, நீள்வட்டமான தோல் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், தோழனுக்கு எறிந்தும் எதிரியின் எல்லையை நோக்கி முன்னேறுவது அது. நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கஜமாவது முன்னேறாவிட்டால் பந்து எதிரியின் வசமாகிவிடும். இவ்வாட்டத்தைத் தொழிலாக நடத்தும் நேஷனல் ஃபுட்பால் லீக், 1920 ஆம் ஆண்டில் ஒஹையோ மாநிலத்துக் கான்டன் நகரில், ஒரு மோட்டார் வியாபாரியின் கடையில் கூடிய சிலரால் வேறொரு பெயருடன் தொடங்கப்பட்டு, 1922 இல் இன்றைய பெயரை அடைந்தது. பல காலம் கல்லூரி மாணவரின் ஆட்டத்துக்கு இருந்த மதிப்பில் பாதிகூட அதற்கு இல்லை. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு அதை எதிர்த்து எழுந்த ஒரு லீக் 1946 முதல் 1949 வரை நான்கு பருவங்கள் போராடி, மூன்று அணிகளை மட்டும் பழைய லீகினிடம் ஒப்படைத்துவிட்டு மறைந்தது. 1959 இல் பழைய லீகில் இருந்தவை பன்னிரண்டே அணிகள். அவற்றில் பெரும்பாலானவை நாட்டின் வடகிழக்கு நகரங்களிலும் பேரேரிகளின் கரையிலும் இருந்தன. கல்லூரி ஃபுட்பாலையே திருவிழாவாகக் கொண்டாடும் டெக்ஸஸ் மாநிலத்திலோ ஒன்றுகூட இல்லை. 1952 இல் டல்லஸ் நகருக்கு வந்த ஓர் அணி அந்தப் பருவத்தின் நடுவிலேயே குலைந்து போனதைக் காட்டி, அந்த மண்ணில் இது விளையாது என்று தலைவர்கள் தீர்மானித்துவிட்டிருந்தார்கள்.

இந்நிலையில், 1958 டிசம்பர் 28 ஆம் தேதி நியூயார்க்கின் யாங்கீ அரங்கில் நடந்த இறுதி ஆட்டம் பலருடைய கண்களைத் திறந்தது. பால்டிமோர் அணியும் நியூயார்க் அணியும் உரிய நேரத்தில் சமநிலையில் முடித்து, கூடுதல் நேரம் ஆடி, பால்டிமோர் 23-க்கு 17 என்று வென்ற அந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் கண்டவர்கள் ஏறக்குறைய நாலரைக் கோடிப் பேர். அவர்களில் ஒருவர், ஹூஸ்டன் நகரில் ஒரு ஹோட்டல் அறையில் உட்கார்ந்திருந்த இருபத்தாறு வயது இளைஞர் லமார் ஹண்ட். டெக்ஸஸின் எண்ணெய்ச் செல்வர்களில் முதல் வரிசையில் நின்ற எச். எல். ஹண்டின் புதல்வர், கல்லூரியில் ஃபுட்பால் ஆடியபோது பெரும்பாலும் களத்துக்கு வெளியே வரிசையில் காத்திருந்தவர், அடக்கமான சுபாவமும் மெல்லிய குரலும் உடையவர். இந்த ஆட்டமும் தொலைக்காட்சியும் ஒன்றுக்கொன்று ஏற்றவை என்பது அன்று அவர் மனத்தில் பதிந்துவிட்டது.

முதலில் அவர் புதிய லீக் எதையும் கனவு காணவில்லை. சிகாகோவில் நலிந்துகொண்டிருந்த கார்டினல்ஸ் அணியை விலைக்கு வாங்கி டல்லஸுக்குக் கொண்டுவரத்தான் விரும்பினார். உரிமையாளர்கள் இணங்கவில்லை, ஆனால் தங்கள் அணிக்கு எத்தனை கிராக்கி என்று காட்டுவதற்காக, முன்பு கேட்டு வந்தவர்களின் பெயர்களையும் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவைத்தார்கள். 1959 இன் தொடக்கத்தில் அவர்களை மயாமியில் சந்தித்து வெறுங்கையோடு திரும்புகையில், விமானத்தில் அமர்ந்திருந்த ஹண்டுக்கு அந்தப் பெயர்களே வேறோர் அர்த்தத்தைக் காட்டின. ஹூஸ்டனில் ஒருவர், டென்வரில் ஒருவர், மினியாபொலிஸில் ஒருவர் என்று இத்தனை பேர் பணத்தோடு ஒரே வாசலில் நின்று திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறார்களே, இவர்கள் ஒருவரோடொருவர் சேர்ந்தால் என்ன? விமானப் பணிப்பெண்ணிடம் எழுதுதாள் கேட்டு வாங்கி, ஆறு அணிகளுக்கு முதலாண்டு வரவுசெலவை அவர் அங்கேயே எழுதத் தொடங்கினார். மறுக்கப்பட்டவர்களின் ஜாபிதாவே புதிய லீகின் உறுப்பினர் பட்டியலாக மாறிய அந்தக் கணத்தில், பழைய லீகின் மிகப் பெரிய பிழை அதற்குத் தெரியாமலே வெளிப்பட்டது: கதவை அடைத்தவர்கள், வெளியே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

ஹூஸ்டனின் எண்ணெய் வியாபாரி பட் ஆடம்ஸைத் தேடிச் சென்ற ஹண்ட், விருந்து முழுவதும் விஷயத்தைத் தொடாமல் இருந்து, விடைபெறும் வேளையில்தான் கேட்டார். ஆடம்ஸ் உடனே சம்மதித்தார். 1959 ஆகஸ்டில் சிகாகோவிலும் பிறகு டல்லஸிலும் கூடி, அமெரிக்கன் ஃபுட்பால் லீக் என்று பெயர் சூட்டினார்கள். ஹோட்டல் குடும்பத்தைச் சேர்ந்த பாரன் ஹில்டன் லாஸ் ஏஞ்சலீஸுக்கும், விளையாட்டு வர்ணனையாளர் ஹாரி விஸ்மர் நியூயார்க்குக்கும், பாப் ஹவ்ஸம் டென்வருக்கும் பொறுப்பேற்றனர். மயாமியில் அணி அமைக்க விரும்பிய ரால்ஃப் வில்ஸன் அங்கே மைதானம் கிடைக்காமல் பஃபலோவைத் தேர்ந்தார். பில்லி ஸல்லிவன் பாஸ்டனோடு வந்து சேர்ந்தார். யுத்தத்தில் போர் விமானியாகப் பெரும் புகழ் பெற்று, பின்னர் தெற்கு டகோட்டாவின் கவர்னராகவும் இருந்த ஜோ ஃபாஸ் கமிஷனர் பதவியை ஏற்றார்.

பழைய லீக் இப்போதுதான் விழித்துக்கொண்டது. டெக்ஸஸில் விளையாது என்று ஒதுக்கியதை மறந்து, ஹண்டுக்கு டல்லஸிலும் ஆடம்ஸுக்கு ஹூஸ்டனிலும் அணி தருவதாக ஆசை காட்டியது. எதை நாடி இருவரும் முதலில் நடந்தார்களோ அதுவே வீடு தேடி வந்த அத்தருணத்தில், வாக்குக் கொடுத்த நண்பர்களை நடுத்தெருவில் விட மனமில்லாமல் இருவரும் மறுத்துவிட்டார்கள். இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிப்பது இந்த மறுப்பைத்தான். இது இல்லாமற்போயிருந்தால் பின்னால் நடந்த எதுவும் நடந்திராது. இவர்களோடு சேர்ந்திருந்த மினியாபொலிஸ்காரர்கள் மட்டும் அத்தகைய ஆசைக்கு இணங்கிப் பழைய லீகில் சேர்ந்துவிட, அவர்கள் இடத்தை ஓக்லண்ட் நிரப்பிற்று. ஹண்டுக்கோ அவருடைய சொந்த ஊரிலேயே டல்லஸ் கௌபாய்ஸ் என்ற அணியை எதிரே கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஓக்லண்டின் பங்குதாரர்களில் ஒருவரான வெய்ன் வேலி தங்கள் எண்மருக்கும் ‘மூடர் சங்கம்’ என்று பெயர் வைத்தார். மற்றவர்களும் அதை மனமுவந்து ஏற்றுக்கொண்டார்கள்.

அவர்கள் செய்தவற்றுள் தலைசிறந்தது தொலைக்காட்சி வருமானத்தைப் பங்கிட்ட விதம். பழைய லீகில் அக்காலத்தில் ஒவ்வோர் அணியும் தன் ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமையைத் தானே விலைபேசி விற்றுக்கொண்டது. நியூயார்க் போன்ற மகாநகரத்து அணிக்குக் கிடைத்ததில் ஒரு சிறு பகுதியே விஸ்கான்ஸின் மாநிலத்துச் சிற்றூரான கிரீன் பேக்குக் கிடைத்தது. புதிய லீகோ எட்டு அணிகளின் உரிமையையும் ஒரே கட்டாகக் கட்டி, 1960 இல் ஏ.பி.ஸி. நிறுவனத்தோடு ஆண்டுக்கு ஏறக்குறைய 20 லட்சம் டாலருக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்து, வந்த பணத்தை எட்டாகச் சரிசமமாகப் பிரித்தது. தலைமடைக்காரன் நிலம் பெரிது என்பதற்காக மதகை அவனிடமே விட்டுவிடாமல், கடைமடை வயலும் நனைய வேண்டும் என்று முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சும் ஊரின் தர்மம் அது. பஃபலோவும் டென்வரும் பட்டுப்போனால் நியூயார்க்கும் ஆடுவதற்கு ஆளின்றி நிற்கும் என்பதை அவர்கள் முதல் நாளிலேயே உணர்ந்திருந்தார்கள். பழைய லீகின் கமிஷனராக 1960 ஜனவரியில், முப்பத்துமூன்றாம் வயதில், தேர்ந்தெடுக்கப்பட்ட பீட் ரோஸெல் இதன் பெருமையை உடனே கண்டுகொண்டார். அவருடைய லீகும் அதே வழியில் செல்வதற்காக அமெரிக்கக் காங்கிரஸ் 1961 இல் ஒரு சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. இன்று உலகிலேயே பெரும் வருமானம் ஈட்டும் அந்த லீகின் அஸ்திவாரம், அதை எதிர்க்கப் புறப்பட்டவர்களிடமிருந்து கற்றுக்கொண்ட பாடம்.

முதல் ஆட்டம் 1960 செப்டம்பர் 9 ஆம் தேதி பாஸ்டனில் நடந்தது. விருந்தாளியாக வந்த டென்வர் 13-க்கு 10 என்று வென்றது. வீரர்களின் பெயரை முதுகில் பொறித்ததும், மைதானத்துப் பலகையில் தெரியும் கடிகாரமே ஆட்டத்தின் உண்மையான நேரம் என்று விதித்ததும் பார்வையாளருக்குப் புதிய வசதிகளாயின. ஆனால் அந்த ஆண்டுகளின் வறுமையை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. டென்வர் வீரர்கள் எப்போதோ நின்றுபோன ஒரு கல்லூரிப் பந்தயத்துக்குத் தைத்த பழைய சீருடைகளை வாங்கி அணிந்தார்கள். நெடுக்குக் கோடு போட்ட அந்தக் காலுறைகளை ஊரார் பரிகசித்த பரிகாசம் தாங்காமல், 1962 இல் அவற்றைப் பகிரங்கமாகத் தீயிலிட்டுக் கொளுத்தினார்கள். நியூயார்க் அணியில் சம்பளக் காசோலைகள் வங்கியிலிருந்து திரும்பி வந்தன. 1962 இன் இறுதியில் லீகே அந்த அணியின் செலவை ஏற்றுக்கொண்டு பருவத்தை முடித்துவைத்தது. ஓக்லண்ட் மூழ்கும் தறுவாயில் இருந்தபோது, பஃபலோவின் ரால்ஃப் வில்ஸன் தம் கையிலிருந்து 4,00,000 டாலர் கடன் கொடுத்து அதைக் கரையேற்றினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன் அணியைத் தோற்கடிக்கக்கூடிய எதிரிக்கு உயிர்ப்பிச்சை கொடுக்கும் மனிதரை வேறெந்த வியாபாரத்தில் காண முடியும்?

பழைய லீக் ஏகபோகம் செலுத்துகிறது என்று புதிய லீக் தொடுத்த வழக்கு 1962 இல் தோற்றது. டல்லஸில் மூன்று பருவங்கள் காலி இருக்கைகளோடு போராடிய ஹண்ட், அதே 1962 இன் சாம்பியன் பட்டத்தை இரண்டு கூடுதல் நேரங்கள் ஆடி வென்ற கையோடு, ஊரைக் கௌபாய்ஸுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுக் கான்ஸஸ் சிட்டிக்குக் குடிபெயர்ந்தார்.

கல்லூரிப் படிப்பு முடித்த வீரர்களை லீகின் அணிகள் முறைவைத்துத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கத்துக்கு டிராஃப்ட் என்று பெயர். லீக் ஒன்றே இருக்கும்வரை, எந்த அணி பொறுக்கியதோ அந்த அணி கொடுத்ததை வாங்கிக்கொள்வதைத் தவிர இளைஞனுக்கு வேறு கதியில்லை. இரண்டு லீகுகள் வந்ததும் அதே இளைஞன் வாசலில் இரண்டு பேர் பணப்பையோடு காத்திருந்தார்கள். பழைய லீகின் ஆட்கள் பெயர்பெற்ற வீரர்களை ஹோட்டல்களில் விருந்தாளிகளைப் போல அடைத்துவைத்து, மறுதரப்பார் கண்ணில் படாமல் காவல் காத்தார்கள். 1964 இன் இறுதியில் டல்லஸுக்கு அருகே இவ்வாறு வைக்கப்பட்டிருந்த ஓடிஸ் டெய்லர் என்ற வீரரை, கான்ஸஸ் சிட்டியின் தேர்வாளர் லாயிட் வெல்ஸ் இரவில் பின்புற ஜன்னல் வழியாக வெளியேற்றி, விமானத்தில் ஏற்றித் தம் ஊருக்கு அழைத்துச் சென்றார்.

வெல்ஸ் கறுப்பினத்தவர், தொழில்முறை ஃபுட்பாலில் முழுநேரத் தேர்வாளராக நியமிக்கப்பட்ட முதல் கறுப்பர். பழைய லீகில் வாஷிங்டன் அணி 1962 வரை ஒரு கறுப்பரைக்கூடச் சேர்க்காமல் இருந்தது; மற்ற அணிகளும், தென்மாநிலங்களில் கறுப்பின மாணவர்களுக்கென்றே இருந்த கல்லூரிகளின் பக்கம் தலைவைத்தது அரிது. பணபலம் குறைந்த புதிய லீகுக்கு அந்தக் கல்லூரிகள் யாரும் தோண்டாத சுரங்கங்களாயின. கிராம்ப்ளிங் கல்லூரியிலிருந்து வந்த பக் புக்கானன், 1963 இன் டிராஃப்டில் புதிய லீகின் முதல் தேர்வாகவே எடுக்கப்பட்டார். தேவையால் தொடங்கிய இந்த நியாயம் விரைவில் சோதனைக்கும் உள்ளாயிற்று. 1965 ஜனவரியில் லீகின் நட்சத்திர வீரர்களின் ஆட்டத்துக்காக நியூ ஆர்லியன்ஸ் சென்ற இருபத்தொரு கறுப்பு வீரர்கள், டாக்ஸிகளும் கேளிக்கை விடுதிகளும் தங்களை ஏற்க மறுத்ததைக் கண்டு, இந்த ஊரில் ஆட மாட்டோம் என்று கூடித் தீர்மானித்தார்கள். வெள்ளை வீரர்களிலும் சிலர் துணை நின்றார்கள். லீக் அவர்களுக்குத் தண்டனை விதிக்கவில்லை. சில நாட்களுக்குள் ஆட்டத்தையே ஹூஸ்டனுக்கு மாற்றிற்று. ஒரு நகரம் முழுவதையும் தொழில்முறை வீரர்கள் ஒன்றுகூடிப் புறக்கணித்த அந்தச் செயலை, பின்னால் பேரும் புகழும் பெற்ற எத்தனையோ வெற்றிகளுக்கு மேலாக நான் வைப்பேன்.

இதற்குள் லக்ஷ்மி கடாட்சம் திரும்பியிருந்தது. என்.பி.ஸி. நிறுவனம் 1965 முதல் ஐந்தாண்டுகளுக்கு 3 கோடியே 60 லட்சம் டாலர் தர 1964 இல் ஒப்புக்கொண்டதால், அணி ஒன்றுக்கு ஆண்டுதோறும் ஏறக்குறைய 9 லட்சம் டாலர் நிச்சயமாயிற்று. இனி இந்த லீகைப் பட்டினி போட்டுக் கொல்ல இயலாது என்பது அனைவருக்கும் விளங்கிவிட்டது. நியூயார்க் அணியைச் சோனி வெர்ப்ளின் தலைமையிலான குழு வாங்கி, ஜெட்ஸ் என்று பெயர் மாற்றி, 1965 ஜனவரியில் அலபாமா பல்கலைக்கழகத்து ஜோ நேமத்தை 4,27,000 டாலர் என்று பிரசித்தமான ஒப்பந்தத்தால் சேர்த்துக்கொண்டது. பழைய லீகின் அணி ஒன்றும் அவரைத் தேர்ந்திருந்தது; அது தோற்றுப் போயிற்று. இப்படியே போட்டி முற்ற, ஒருநாள்கூடத் தொழிலாக ஆடியறியாத இளைஞர்களுக்கு அனுபவசாலிகளுக்கு இல்லாத ஊதியம் கொடுக்க நேர்ந்ததைக் கண்டு இரு தரப்பு முதலாளிகளும் கலங்கினார்கள்.

1966 ஏப்ரலில் டல்லஸின் லவ் ஃபீல்டு விமான நிலையத்தில், கௌபாய்ஸ் அணியின் நிர்வாகி டெக்ஸ் ஷ்ராம் லமார் ஹண்டை ரகசியமாகச் சந்தித்து, தம் மோட்டாரில் உட்காரவைத்துச் சமாதானம் பேசினார். இதை அறியாமலே புதிய லீகின் மற்ற உரிமையாளர்கள், ஓக்லண்டின் பயிற்சியாளரும் போர்க்குணம் மிக்கவருமான ஆல் டேவிஸைக் கமிஷனராக்கினார்கள். அடுத்த மாதம் பழைய லீகின் நியூயார்க் ஜயன்ட்ஸ், பஃபலோவின் பந்துதைப்பவரான பீட் கோகோலக்கை ஒப்பந்தம் செய்து, ஒரு லீகின் வீரரை மற்றது கவர்வதில்லை என்ற எழுதாத உடன்பாட்டை மீறிற்று. டேவிஸ் காத்திருந்த வாய்ப்பு அதுதான். எதிர்லீகின் தலையாய எறிவீரர்களையே இலக்காக்கித் தம் அணிகளை ஏவினார். ரோமன் கேப்ரியல் ஓக்லண்டுடனும் ஜான் பிரோடி ஹூஸ்டனுடனும் பேசி முடித்தார்கள். ஜூன் 8 ஆம் தேதி இணைப்பு அறிவிக்கப்பட்டது: ஒரே டிராஃப்ட், ஆண்டுதோறும் இரு சாம்பியன்களுக்கும் ஓர் இறுதி ஆட்டம், 1970 முதல் ஒரே லீக், புதியவர்கள் இருபது ஆண்டுகளில் கட்ட வேண்டிய நஷ்டஈடு 1 கோடியே 80 லட்சம் டாலர். முழு வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கையில் விலை கொடுத்துச் சமாதானம் வாங்கிவிட்டார்கள் என்று டேவிஸ் மனம் வெதும்பிப் பதவியைத் துறந்தார்.

குழந்தைகள் துள்ளவிட்டு விளையாடும் ஒரு ரப்பர் பந்தின் பெயரிலிருந்து ஹண்டுக்குத் தோன்றிய ‘சூப்பர் பௌல்’ என்ற பெயரே அந்த இறுதி ஆட்டத்துக்கு நிலைத்தது. 1967 ஜனவரி 15 இல் நடந்த முதல் ஆட்டத்தில் ஹண்டின் கான்ஸஸ் சிட்டியைக் கிரீன் பே 35-க்கு 10 என்று வீழ்த்தியது. அடுத்த ஆண்டு ஓக்லண்டுக்கும் அதே கதி. புதிய லீகின் ஆட்டம் இரண்டாந்தரமானது என்று பழையவர்கள் சொல்லிவந்தது மெய்யாகிவிட்டதாகவே பலரும் எண்ணினார்கள். 1969 ஜனவரி 12 இல் மயாமியில், 18 புள்ளிகள் வித்தியாசத்தில் வெல்லும் என்று எல்லோரும் கணித்த பால்டிமோரை, நேமத்தின் ஜெட்ஸ் 16-க்கு 7 என்று தோற்கடித்தபோது அந்தப் பேச்சு அடங்கிற்று. அதற்கடுத்த ஆண்டு, இரண்டு லீகுகளாக ஆடிய கடைசி ஆட்டத்தில் கான்ஸஸ் சிட்டி மினசோட்டாவை 23-க்கு 7 என்று வென்றது. அன்று பந்தைப் பற்றிக்கொண்டு எல்லைவரை ஓடி வெற்றியை உறுதிசெய்தவர், ஜன்னல் வழியாக அழைத்துவரப்பட்ட ஓடிஸ் டெய்லர். தொடக்கத்து எட்டு அணிகளும், சில ஊர் மாறியும் சில பெயர் மாறியும், இன்றளவும் உயிரோடிருக்கின்றன.

பின்னர் இதே பாதையில் புறப்பட்டவர்களுக்கு இந்தப் பாக்கியம் கிட்டவில்லை. 1974 இல் தோன்றிய வேர்ல்ட் ஃபுட்பால் லீக் இரண்டாம் பருவத்தின் நடுவிலேயே கலைந்தது. 1983 இல் வந்த யுனைடெட் ஸ்டேட்ஸ் ஃபுட்பால் லீக், வேறு ஃபுட்பால் இல்லாத வசந்தகாலத்தில் ஆடுவது, செலவை அடக்கிவைப்பது என்ற நல்ல திட்டத்தோடுதான் தொடங்கியது. ஆனால் பணம் மிகுந்த சில உரிமையாளர்கள் பெரும் ஒப்பந்தங்களால் நட்சத்திரங்களை வாரிக்கொள்ள, எளிய அணிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. நியூ ஜெர்சி அணியின் சொந்தக்காரரான டொனால்டு டிரம்ப் முதலியோர் வற்புறுத்தியபடி, பழைய லீகின் பருவமான இலையுதிர் காலத்துக்கே மாறி நேருக்கு நேர் மோதுவதென்றும் முடிவாயிற்று. அவர்கள் தொடுத்த வழக்கில் 1986 இல், பழைய லீக் ஏகபோகக் குற்றம் புரிந்தது மெய்தான் என்று கண்ட ஜூரிகள் அதற்கு நிர்ணயித்த நஷ்டஈடு ஒரு டாலர். சட்டப்படி மும்மடங்காகி மூன்று டாலர். அந்த லீக் அதற்குமேல் ஆடவில்லை. வில்ஸன் ஓக்லண்டுக்குக் கொடுத்ததைப் போன்ற ஒரு கடனை அவர்களுக்குள் எவரும் எவருக்கும் கொடுக்க நினைத்திருந்தால், அந்த வழக்கு மன்றத்தை அவர்கள் நாட வேண்டியே இருந்திராது என்று எனக்குத் தோன்றுகிறது.

இணைப்பினால் முதலாளிகள் நிம்மதி அடைந்தார்கள். ரசிகர்கள் மகா உற்சவம் ஒன்றைப் பெற்றார்கள். வீரர்களோ தங்கள் வாசலில் நின்ற இரண்டு பேரில் ஒருவரை இழந்தார்கள். ஒப்பந்தம் முடிந்து வேறு அணிக்குப் போகும் வீரனுக்காக, புதிய அணி பழைய அணிக்குக் கமிஷனர் நிர்ணயிக்கும் ஈடு கொடுக்க வேண்டும் என்ற ரோஸெலின் விதி, கேட்க ஆளில்லாமல் அவனைப் பழைய இடத்திலேயே கட்டிவைத்தது. ஜெட்ஸிடம் தோற்ற பால்டிமோர் அணியில் ஆடியவரும் வீரர் சங்கத்தின் தலைவராக இருந்தவருமான ஜான் மேக்கி தொடுத்த வழக்கில், அந்த விதி செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1976 இல் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் பேரமும் வேலைநிறுத்தமும் வழக்குமாகப் பதினேழு ஆண்டுகள் கழிந்து, 1993 இல்தான், ஒப்பந்தம் முடிந்த அனுபவசாலி வீரர் தாம் விரும்பும் அணியோடு விலைபேசும் உரிமையைப் பெற்றார்.